35 கிராம் காசு, 42,000 ரூபாய் கணக்கு: பெரிய நினைவு நாணயம் வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

"அண்ணா, நாலு பெரிய காசு வாங்கி வெச்சிருக்கேன். ரெண்டு வருஷத்துல தங்கச்சி கல்யாணம். அப்ப வித்தா ஒரு லட்சம் வருமா?"

ஒரகடத்துல ஒரு தொழிற்சாலையில குவாலிட்டி செக்ஷன்ல வேலை பார்க்கிற தம்பி அனுப்பின மெசேஜ் இது. கம்பெனி பேர், ஊர் பேர் எல்லாம் வேண்டாம். கைக்கு வர்ற சம்பளம் 24,500. வாங்கின காசு நாலும் சேர்த்து 38,000. இன்ஸ்டாகிராம்ல ஒரு விற்பனையாளர்கிட்ட கிரெடிட் கார்டு தேய்ச்சு, அப்புறம் அதை 12 மாச இ.எம்.ஐ.யா மாத்தியிருக்கார். காசு வல்லம் பக்கத்துல அவர் மூணு பேரோட தங்கியிருக்கிற ரூம்ல, கட்டிலுக்கு அடியில டிரங்குப் பெட்டிக்குள்ள இருக்கு.

போன வருஷத்துல இருந்து இந்த மாதிரிக் கேள்வி நிறைய வருது. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம்னு அந்த பெல்ட்ல இருந்து அதிகமா வருது. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல தூங்காம ரீல்ஸ் பார்த்துட்டு வர்றவங்களுக்கு இந்த மாதிரி வீடியோ தொடர்ந்து வந்து விழுது. "இந்தக் காசு உங்ககிட்ட இருந்தா நீங்க லட்சாதிபதி"ன்னு ஒரு குரல்.

முதல்லயே சொல்லிடறேன், நாணயம் சேர்க்கிறது நல்ல பொழுதுபோக்கு. அதுவும் 44 மில்லிமீட்டர் அகலத்துல, உள்ளங்கையை நிறைக்கிற மாதிரி ஒரு வெள்ளிக் காசைக் கையில வாங்கிப் பார்த்தவங்களுக்கு அந்த சுகம் தெரியும். அது வேற, முதலீடு வேற. இந்தக் கட்டுரையில நான் ரெண்டையும் பிரிச்சுக் காட்டப் போறேன், அவ்வளவுதான்.

இந்தப் பெரிய காசு எங்கிருந்து வருது?

இந்தியாவுல நினைவு நாணயம் 1964-ல நேரு மறைவுக்குப் பிறகு ஆரம்பிச்சது. அப்ப ஒரு ரூபாயும் 50 காசும்தான். 1969-ல காந்தி நூற்றாண்டுக்கு 10 ரூபாய் வெள்ளிக் காசு வந்துச்சு: 15 கிராம், 80% வெள்ளி. எழுபதுகள்ல காசோட சைஸ் பெருசாச்சு. அப்புறம் 75, 100, 125, 150, 1000னு மதிப்பு மாறினாலும் உருவம் பெரும்பாலும் ஒண்ணாவே இருந்துச்சு: 44 மி.மீ., 35 கிராம்.

நம்ம பக்கத்துக் காசுகளே ஒரு நல்ல வரிசை இருக்கு. காமராஜர் நூற்றாண்டுக்கு 2003 தேதியிட்ட 100 ரூபாய். அண்ணா நூற்றாண்டுக்கு 2009-ல வந்தது. சி.சுப்பிரமணியம், எம்.எஸ்.சுப்புலட்சுமி, எம்.ஜி.ஆர். எல்லாருக்கும் 100 ரூபாய் காசு உண்டு. கலைஞர் நூற்றாண்டுக் காசை 2024 ஆகஸ்ட் 18-ம் தேதி சென்னை கலைவாணர் அரங்கத்துல பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் வெளியிட்டார். எல்லாத்துக்கும் மேல, தஞ்சாவூர் பெரிய கோயிலோட ஆயிரமாவது ஆண்டுக்கு 2010-ல வந்த 1000 ரூபாய் காசு. நம்ம நாணயச் சட்டம் 2011-ன்படி ஒரு காசோட மதிப்பு 1000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதனால அந்தக் காசு உச்சவரம்புலயே உட்கார்ந்திருக்கு.

(என் தொழில்காரங்களுக்கு ஒரு தகவல்: வருமான வரி வந்து 150 வருஷம் ஆனதுக்கும் 150 ரூபாய்க்கு ஒரு காசு அடிச்சிருக்காங்க. வரியைக் கொண்டாடிக் காசு அடிச்ச நாடு நம்ம நாடு.)

இதையெல்லாம் அடிக்கிறது மத்திய அரசோட எஸ்.பி.எம்.சி.ஐ.எல். நிறுவனம். மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டான்னு நாலு நாணயச்சாலை. இந்தப் பெரிய காசு ஏ.டி.எம்.லயோ பேங்க் கவுன்ட்டர்லயோ கிடைக்காது, புழக்கத்துக்கே வராது. நாணயச்சாலையோட இணையதளத்துல புக்கிங் திறப்பாங்க, நீங்க பணம் கட்டுவீங்க, காசு சில மாசம் கழிச்சு வீட்டுக்கு வரும். முகமதிப்பு 100 ரூபாய்னு போட்டிருந்தாலும் அதுக்கு நீங்க கொடுக்கறது ஆயிரக்கணக்குல.

கணக்குக்கு வருவோம்

தம்பிகிட்ட இருக்கிற நாலுல மூணு, 50% வெள்ளிக் காசு. அதாவது வெள்ளி 50, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 கலந்த உலோகம். 35 கிராம்ல பாதி, 17.5 கிராம் வெள்ளி. மூணு காசுக்கு 52.5 கிராம். நாலாவது, தஞ்சாவூர் 1000 ரூபாய் காசு. அது 80% வெள்ளி, அதனால 28 கிராம். மொத்தம் 80.5 கிராம் வெள்ளி.

வெள்ளி விலை தினமும் ஆடுது. நான் கணக்கு சுலபமா இருக்கட்டும்னு கிராம் 200 ரூபாய்னு வைக்கறேன். நீங்க படிக்கிற அன்னைக்கு நகைக்கடை போர்டுல என்ன போட்டிருக்கோ அதை வெச்சுப் பெருக்கிக்கோங்க. 80.5 கிராம் × 200 = 16,100 ரூபாய்.

கொடுத்தது 38,000. அதுவும் இ.எம்.ஐ.ல. வருஷத்துக்கு 16% வட்டின்னா மாசம் சுமார் 3,448 ரூபாய். 12 மாசத்துக்கு வட்டி மட்டும் 3,370 சொச்சம், அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி. இன்னொரு 600. ப்ராசஸிங் ஃபீஸ் சேர்க்காமலே அடக்க விலை 42,000.

42,000-ஐ 80.5-ஆல வகுத்துப் பாருங்க. வெள்ளி கிராம் 520 ரூபாய்க்கு மேல போனாத்தான் உலோகக் கணக்குல இவர் போட்ட காசு திரும்பும். ரெண்டு வருஷத்துல ஒரு லட்சம் ஆகணும்னா வருஷத்துக்கு 54% வளரணும். எந்த மியூச்சுவல் ஃபண்டு ஏஜென்ட்டாவது உங்ககிட்ட 54% சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? நம்பரை பிளாக் பண்ணுவீங்க. ஆனா அதையே ஒரு காசு பளபளன்னு சொன்னா நம்பிடறோம்.

"உலோக விலையை ஏன் பார்க்கறீங்க? கலெக்டர் விலைன்னு ஒண்ணு இருக்கே"ன்னு கேட்பீங்க. இருக்கு. தஞ்சாவூர் காசுக்கு உண்மையிலேயே விரும்பிக் கேட்கிறவங்க இருக்காங்க. ஆனா அந்த விலை ரெண்டு விஷயத்தைப் பொறுத்தது: எத்தனை காசு நல்ல நிலையில மிச்சம் இருக்கு, எத்தனை பேருக்கு வேணும். இங்கதான் நான் உங்களை கொஞ்சம் அமெரிக்கா வரை கூட்டிட்டுப் போகணும். ஏன்னா பெரிய காசு விஷயத்துல அவங்களுக்கு அம்பது வருஷ அனுபவம் இருக்கு.

ஐசனோவர் டாலர் சொல்ற பாடம்

1971-ல இருந்து 1978 வரைக்கும் அமெரிக்கா ஒரு பெரிய டாலர் காசு அடிச்சது. ஒரு பக்கம் ஜனாதிபதி ஐசனோவர் முகம், இன்னொரு பக்கம் நிலாவுல இறங்கற கழுகு, அப்பல்லோ 11 ஞாபகமா. 38.1 மி.மீ. அகலம், 22.68 கிராம். செம்பு-நிக்கல் காசு, வெள்ளி கிடையாது. ஜேப்புல கனமா இருக்குன்னு சாதாரண ஜனங்க அதைத் தொடவே இல்லை. நெவாடா சூதாட்ட விடுதிகள்ல மட்டும் ஓடுச்சு. 1979-ல அதை நிறுத்திட்டு 26.5 மி.மீ. சின்னக் காசுக்கு மாறினாங்க.

ஆனா சேகரிப்பவர்களுக்குன்னு தனியா 40% வெள்ளி கலந்த பதிப்பு ஒண்ணு போட்டாங்க. சாதாரண பளபளப்பு உள்ளது நீல உறையில 3 டாலர். கண்ணாடி மாதிரி மெருகு ஏத்தின 'ப்ரூஃப்' காசு பழுப்பு நிறப் பெட்டியில 10 டாலர். 1971 தேதியிட்ட பழுப்புப் பெட்டிக் காசு மட்டும் 40 லட்சத்துக்கு மேல வித்துச்சு. வாங்கின ஒவ்வொருத்தரும் "பேரப்பிள்ளைக்கு ஆகும்"னு பத்திரமா பெட்டியிலயே வெச்சாங்க.

அந்தப் பெட்டிக் காசுல இருக்கிற வெள்ளி 9.84 கிராம். 2024-ல வெள்ளி சராசரியா கிராம் ஒரு டாலர் பக்கம் இருந்தது. அப்ப உள்ள இருக்கிற வெள்ளிக்கு சுமார் 10 டாலர். 53 வருஷம் கழிச்சும் அதே பத்து டாலர்! இதுக்கிடையில அமெரிக்க விலைவாசி ஏழே முக்கால் மடங்கு ஏறிடுச்சு. 1971-ல 10 டாலருக்கு வாங்கின சாமானை 2024-ல வாங்க 77 டாலர் வேணும். அபூர்வமான தேதி, அபூர்வமான தரம் இருந்தா விலை வேற. ஆனா பொதுவா கிடைக்கிற பெட்டிக் காசு வெள்ளி விலையை ஒட்டியே நகருது.

காரணம் ரொம்ப சிம்பிள். சேர்த்து வைக்கணும்னே அடிச்ச காசு தொலையாது. தொலையாத பொருள் அரிதாகாது. நம்ம ஊர்லயே எதிர் உதாரணம் இருக்கு. ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட 1939 வெள்ளி ரூபாய். அது ஏன் இன்னைக்கு அபூர்வம்? அது பெட்டியில வெச்சு வித்த காசு கிடையாது, சாதாரணப் புழக்கத்துக்கு அடிச்சது. பெரும்பாலானது உருகிப் போச்சு, ஏதோ கொஞ்சம் தப்பிச்சுது. காசு அபூர்வமாகணும்னா மத்தவங்க அதைத் தொலைச்சிருக்கணும். இன்னைக்கு நினைவு நாணயம் வாங்கறவங்க யாரும் தொலைக்கப் போறதில்லை. எல்லாரும் கேப்சூல் போட்டு, சிலிக்கா ஜெல் வெச்சு, பீரோவுல பூட்டியாச்சு.

இதுக்கு மேல ஒரு ரிஸ்க். நாணயச்சாலை ஒரு காசுக்கு மறுபடி புக்கிங் திறந்தா, நீங்க வெளியில அதிக விலைக்கு வாங்கின அதே காசு அசல் விலைக்கு இன்னொருத்தர் கைக்குப் போகும். உங்க விலை அன்னைக்கே இறங்கும். அதைத் தடுக்க உங்ககிட்ட எந்த வழியும் இல்லை.

"எப்படியும் வெள்ளி இருக்குல்ல, உருக்கிக்கலாம்"

முடியாது. இது நிறைய பேருக்குத் தெரியாத விஷயம். நாணயச் சட்டம் 2011, காசை உருக்கறதையும் அழிக்கறதையும் தடை செய்யுது. ஏழு வருஷம் வரைக்கும் சிறைத்தண்டனை விதிக்கலாம். நினைவு நாணயமும் அந்தச் சட்டத்துல 'காசு'ங்கற வரையறைக்குள்ள வருது. (அதே வரையறைக்குள்ள ஒரு ரூபாய் நோட்டும் வருது. சட்டப்படி அது நோட்டு இல்லை, காசு! இன்டர்வியூல கேட்டா சொல்லுங்க.)

அதனால நகைக்கடையில வாங்கற 999 வெள்ளிக் காசையும் அரசு நினைவு நாணயத்தையும் ஒரே தராசுல வைக்காதீங்க. கடைக் காசை அதே கடையிலயே அன்னைக்கு ரேட்டுக்கு, கொஞ்சம் கழிச்சுக்கிட்டு, திருப்பி எடுத்துப்பாங்க. நினைவு நாணயத்தை முறைப்படி விக்கணும்னா இன்னொரு சேகரிப்பாளரையோ நாணய வியாபாரியையோதான் தேடணும். வியாபாரி தன் லாபத்தை வெச்சுத்தான் கேட்பார். அவசரத்துக்கு, ஆஸ்பத்திரி செலவுக்குன்னு ராத்திரி பத்து மணிக்கு இது காசாகாது. வெள்ளி விலை ஏறும்னு உண்மையிலேயே நம்பறீங்கன்னா வெள்ளி ஈ.டி.எஃப். இருக்கு. ஒரு யூனிட் வாங்கலாம், சந்தை திறந்திருக்கிற நேரத்துல விக்கலாம், டிரங்குப் பெட்டி தேவையில்லை.

வரி உண்டா? உண்டு

"சொந்த உபயோகப் பொருளை வித்தா வரி இல்லையே"ன்னு ஒருத்தர் வாதம் பண்ணினார். நல்ல வாதம்தான், ஆனா இதுல ஒரு மகாராஜாவே தோத்திருக்கார். தோல்பூர் மகாராஜா ராணா ஹேமந்த் சிங், தங்க நாணயங்களையும் வெள்ளி ரூபாய்களையும் வித்தார். லட்சுமி பூஜையில வெச்சுக் கும்பிடற காசு, அதனால சொந்த உபயோகப் பொருள்னு வாதாடினார். 1976-ல உச்ச நீதிமன்றம் ஏத்துக்கலை. வருஷத்துக்கு ஒரு தடவை பூஜையில வைக்கறது சொந்த உபயோகம் ஆகாதுன்னு சொல்லிடுச்சு. உங்க டிரங்குப் பெட்டிக் காசுக்கும் அதே நிலைமைதான்.

24 மாசத்துக்கு மேல வெச்சிருந்து வித்தா நீண்டகால மூலதன ஆதாயம், 12.5% வரி, கூட 4% செஸ். இன்டெக்ஸேஷன் கிடையாது. 24 மாசம் அல்லது அதுக்குள்ள வித்தா உங்க ஸ்லாப் ரேட். 4,000-க்கு வாங்கி மூணு வருஷம் கழிச்சு 9,000-க்கு வித்தீங்கன்னா லாபம் 5,000, வரி செஸ்ஸோட 650 ரூபாய்.

இதுல சம்பளக்காரங்க கவனிக்க வேண்டியது: "எனக்கு 12 லட்சத்துக்குள்ளதான் சம்பளம், வரி பூஜ்யம்"னு நினைப்பீங்க. புது வரி முறையில கிடைக்கிற அந்த ரிபேட், 12.5% மாதிரி தனி விகிதத்துல வரி போடற வருமானத்துக்குக் கிடைக்காது. சம்பளத்துக்கு வரி பூஜ்யமா இருந்தும் காசு வித்த லாபத்துக்கு வரி கட்டற நிலைமை வரலாம். காசு வித்த லாபம் இருந்தா ஐ.டி.ஆர்-1 போதாது, ஐ.டி.ஆர்-2 போடணும். நஷ்டத்துக்கு வித்திருந்தாலும் குறிப்பிட்ட தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டா அந்த நஷ்டத்தை எட்டு வருஷம் வரைக்கும் முன்னெடுத்துட்டுப் போகலாம். இதுக்கெல்லாம் வாங்கின பில் வேணும். இன்ஸ்டாகிராம் சாட் ஸ்கிரீன்ஷாட் பில் கிடையாது.

மோசடி பக்கம்

ரெண்டு வகை. ஒண்ணு, உங்ககிட்ட இருக்கிற சாதாரணக் காசை லட்சத்துக்கு வாங்கிக்கறோம்னு வர்றவங்க. வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய், 10 ரூபாய் காசை வெச்சுத்தான் இது பெரும்பாலும் ஆரம்பிக்கும். முதல்ல பதிவுக் கட்டணம்னு ஒரு சின்னத் தொகை. அப்புறம் ஜி.எஸ்.டி., அப்புறம் "ஆர்.பி.ஐ. அனுமதிக் கட்டணம்". ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்லயே இதைப் பத்தி எச்சரிக்கை கொடுத்திருக்கு: பழைய நோட்டு, காசு விக்கற வாங்கற விஷயத்துல நாங்க எதுலயும் ஈடுபடறதில்லை, கட்டணமோ கமிஷனோ கேட்கறதும் இல்லை, எங்க பேர்ல கேட்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லைன்னு. விக்கிறவன் முன்பணம் கட்டற வியாபாரம் உலகத்துல எங்கயும் கிடையாதுங்க. பணம் போயிருந்தா உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு நல்லது.

இன்னொண்ணு, போலிக் காசு. டெபுடேஷன்ல வெளிநாடு போயிட்டு வந்த சீனியர் கொடுத்தார், ஆன்லைன்ல "அமெரிக்கன் சில்வர் டாலர்" கிடைச்சுதுன்னு சில பேர் போட்டோ அனுப்பறாங்க. மேல சொன்ன ஐசனோவர் சாதாரணக் காசையே வெள்ளின்னு விக்கறாங்க. விளிம்பைப் பாருங்க. செம்பு நிறத்துல தெளிவா ஒரு கோடு ஓடினா அது வெள்ளிக் காசு இல்லை. 1878-ல இருந்து 1921 வரைக்கும் வந்த பழைய மார்கன் டாலர்ல போலி ஏராளம். அசலுக்கு 26.73 கிராம், 38.1 மி.மீ. காந்தம் ஒட்டலைன்னா அசல்னு முடிவு கட்டாதீங்க, பித்தளையிலயும் காந்தம் ஒட்டாது.

இந்த விஷயத்துல உங்களுக்கு ஒரு வசதி இருக்கு. நீங்கதான் தினமும் வெர்னியர் காலிப்பரும் மைக்ரோமீட்டரும் பிடிக்கிற ஆளுங்க! 44.00-க்கும் 43.6-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு பேங்க் மேனேஜரைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். எடை, விட்டம், தடிமன் மூணையும் அரசு சொன்ன அளவோட ஒப்பிடுங்க. ஒரே ஒரு வேண்டுகோள்: ப்ரூஃப் காசு மேல இரும்புத் தாடையை நேரா வைக்காதீங்க, கீறல் விழுந்தா மதிப்பு அன்னைக்கே போச்சு. நடுவுல மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் தாள் வெச்சு அளந்து, அந்தத் தடிமனைக் கழிச்சுக்கோங்க.

அப்ப வாங்கவே கூடாதா?

வாங்குங்க. என் கணக்கு இதுதான்: கைக்கு வர்ற சம்பளத்துல 2%. இது சட்டம் இல்லை, நான் என் கிளையன்ட்டுகளுக்குப் பொழுதுபோக்குக்குன்னு சொல்ற அளவு. 24,500-க்கு மாசம் 490, வருஷத்துக்கு 5,880. இந்த அளவுக்குள்ள வந்தா, வருஷத்துக்கு ஒரு பெரிய காசு, நாணயச்சாலை விலைக்கு நேரா புக் பண்ணி வாங்குங்க. சீட்டு, ஆர்.டி., ஹெல்த் இன்ஷூரன்ஸ், ஊருக்கு அனுப்பற பணம் எல்லாம் போன பிறகு இந்த 2%. கிரெடிட் கார்டு இதுக்குள்ள வரவே கூடாது. திரும்ப வராதுன்னு நினைச்சே செலவு பண்ணுங்க, சினிமாவுக்குப் பண்ற மாதிரி. வந்தா சந்தோஷம்.

வருஷத்துக்கு ஒண்ணுதான்னு ஆனதும் இன்னொரு நல்லது நடக்கும். எதை வாங்கறதுன்னு யோசிக்க ஆரம்பிப்பீங்க. வர்றதையெல்லாம் வாங்கறவங்க கலெக்ஷனைவிட, ஒரு வரிசை பிடிச்சு வாங்கறவங்க கலெக்ஷன் எப்பவும் பார்க்க நல்லாருக்கும். தமிழ்நாட்டுத் தலைவர்கள்னு ஒரு வரிசை. கோயில்கள்னு ஒரு வரிசை: தஞ்சாவூருக்கு 1000 ரூபாய், பூரி ஜகந்நாதர் நவகளேபரத்துக்கு 2015-ல இன்னொரு 1000 ரூபாய். 2023 மே 28-ம் தேதி புது நாடாளுமன்றத் திறப்புக்கு வந்த 75 ரூபாய்ல இருந்து ஆரம்பிச்சுக் கட்டடங்கள்னு ஒரு வரிசை.

மீதி பதினோரு மாசம் என்ன பண்றது? கேன்டீன் சில்லறையைப் பாருங்க. இது செலவே இல்லாத பொழுதுபோக்கு, எனக்கு இதுதான் பெரிய காசைவிடப் பிடிக்கும். 1995-ல தஞ்சாவூர்ல நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்குத் திருவள்ளுவர் போட்ட காசு, காமராஜர் 5 ரூபாய், அண்ணாவோட தமிழ்க் கையெழுத்து பொறிச்ச 5 ரூபாய் எல்லாம் புழக்கத்துல வந்ததுதான். வருஷத்துக்குக் கீழ ஒரு சின்னக் குறி இருக்கும். வைரம்னா மும்பை, நட்சத்திரம்னா ஹைதராபாத், புள்ளின்னா நொய்டா, ஒண்ணுமே இல்லைன்னா கொல்கத்தா. நாலு குறிக்கும் நாலு காசு தேட ஆரம்பிச்சா டீ பிரேக் போறதே தெரியாது. 10 ரூபாய் காசு செல்லாதுன்னு சில கடையில வாங்க மாட்டேங்கறாங்க இல்லையா, 14 டிசைனும் செல்லும்னு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலயே தெளிவா சொல்லிடுச்சு. அவங்க வேண்டாம்கிறது உங்களுக்கு லாபம். பதினாலையும் தேடிப் பிடிங்க, முழு செட்டுக்கும் ஆகிற செலவு 140 ரூபாய். லீவு நாள்ல எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல நாணயக் காட்சிக்கூடம் இருக்கு, ஒரு நடை போயிட்டு வாங்க.

தம்பிக்கு என்ன சொன்னேன்

தஞ்சாவூர் காசை வெச்சுக்கச் சொன்னேன். அவர் அந்தப் பக்கத்துக்காரர். சின்ன வயசுல பிரகாரத்துல ஓடி விளையாடின கோயில் அந்தக் காசுல இருக்கு. அந்தக் காரணம் எனக்குப் போதும், அதுக்கு நான் வட்டி கணக்குப் போட மாட்டேன். மத்த மூணையும், என்ன விலைக்குப் போனாலும், நாணயக் கண்காட்சியிலயோ நம்பகமான வியாபாரிகிட்டயோ கொடுத்துட்டு, வர்ற பணத்தை இ.எம்.ஐ. பாக்கியில கட்டச் சொன்னேன். ஃபோர்குளோஷர் கட்டணம் எவ்வளவுன்னு முதல்ல கார்டு கம்பெனிகிட்ட கேட்டுக்கணும். மிச்ச வட்டியைவிட அது அதிகம்னா பணத்தைத் தனியா வெச்சு மாசாமாசம் அதுல இருந்தே தவணை கட்டிடலாம்.

தங்கச்சி கல்யாணத்துக்கு அதே 3,450 ரூபாயை ஆர்.டி.யில போடச் சொன்னேன். 24 மாசத்துக்குக் கட்டற பணம் 82,800. 6.5% வட்டின்னா கைக்கு வர்றது 88,000-க்குக் கொஞ்சம் மேல. "ஒரு லட்சம் இல்லையே அண்ணா"ன்னார். ஆமா, இல்லை. மீதிக்கு தீபாவளி போனஸ் இருக்கு. ஆனா இந்த 88,000 வரும்னு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம். அந்த மூணு காசை நம்பிக் கொடுக்க முடியாது.

கடைசியா, வெச்சிருக்கிற காசைப் பத்தி ரெண்டு விஷயம். வெள்ளி நம்ம ஊர் காத்துக்குக் கறுக்கத்தான் செய்யும். குத்துவிளக்கு தேய்க்கற மாதிரி புளியோ விபூதியோ போட்டுத் தேய்க்காதீங்க, ஊர்ல அம்மாகிட்டயும் சொல்லி வைங்க. விளிம்பைப் பிடிச்சு எடுங்க, 44 மி.மீ. அக்ரிலிக் கேப்சூல்ல வைங்க. மெத்து மெத்துன்னு இருக்கிற மலிவான பி.வி.சி. கவர் வேண்டாம், நாளாக நாளாகப் பச்சையா ஒட்டிக்கும். நாலு பேர் தங்கற ரூம்ல வைக்காதீங்க. யாரையும் சந்தேகப்படச் சொல்லலை, ஆனா ஒண்ணு காணாமப் போனா நாலு பேர் நட்பும் சேர்ந்து போகும். ஊர்ல வீட்டு பீரோவுல வைங்க.

அதோட ஒரு சின்ன நோட்டு போடுங்க. என்ன காசு, எந்தத் தேதி, யார்கிட்ட, எவ்வளவு, பில் எங்க இருக்கு. இதை வீட்டுல ஒருத்தருக்காவது காட்டி வைங்க. இல்லைன்னா நீங்க நைட் ஷிஃப்ட்ல இருக்கும்போது, அவசரத்துக்கு சில்லறை இல்லைன்னு, மேல 100 ரூபாய்னு போட்டிருக்கேன்னு அதை யாராவது மளிகைக் கடையில கொடுத்துட்டு வந்துடுவாங்க. கடைக்காரரும் முகம் சுளிச்சுக்கிட்டே வாங்கிப்பார். சட்டப்படி அது செல்லும்.